பாவம் ஓரிடம், பழி ஓரிடம்

“அக்கா, அப்பாவோட பழைய கணினியில லினக்ஸ் போட்டேன். எல்லாம் ஓடுது, இணையம் மட்டும் வரல. டிரைவர் சரியில்லன்னு திரையில வருது. யாருக்கா அந்த டிரைவர்?”

நிகழ்ச்சிக்கு வந்த குரல்பதிவு இது. அனுப்பியவர் ஐந்தாம் படிவ மாணவர். காற்றலையில் ஒலித்த சில நிமிடங்களில், “எங்க ஸ்கூல் பஸ் டிரைவரும் சரியில்ல” என்று வரிசையாகச் செய்திகள் வரத் தொடங்கிவிட்டன. சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டோம். இருந்தாலும் தம்பியின் கேள்வி நியாயமான கேள்வி. இரண்டு பாட்டுக்கு நடுவே நாற்பது விநாடியில் சொல்லி முடிக்கிற பதில் அதற்கு இல்லை. அதனால் இந்த வாரப் பக்கத்தை அதற்கே கொடுக்கிறேன்.

நான் படித்தது ஊடகத்துறை. ஒலிக்கலவை மேசையில் எந்தப் பொத்தானை எப்போது தொடக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த அதிகபட்சத் தொழில்நுட்பம். ஆகவே எங்கள் நிலையத்தின் தொழில்நுட்ப அண்ணனைப் பிடித்தேன். டிரைவர் என்றால் என்ன என்று அவர் விளக்கம் சொல்லவில்லை. 2008-ல் நடந்த ஒரு கதையைச் சொன்னார். “இத மட்டும் புரிஞ்சுக்கம்மா, மத்ததெல்லாம் தானா வந்துரும்.” அன்றிரவே உட்கார்ந்து அதைப் பற்றி மேலும் படித்தேன். துப்பறியும் நாவல் கெட்டது போங்கள்.

கதைக்கு முன் இரண்டு வார்த்தைகளை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கெர்னல். கணினியின் இயங்குதளத்துக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் வீட்டை நடத்துகிற பகுதி அது. யாருக்கு எவ்வளவு இடம், யார் முதலில், யார் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. காலையில் ஒரே குளியலறைக்கு ஐந்து பேர் நிற்கும் வீட்டில் அம்மா செய்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, டிரைவர். கணினியோடு சேரும் ஒவ்வொரு சாதனமும், அதாவது திரை, ஒலிபெருக்கி, இணையத்தோடு இணைக்கும் பிணைய அட்டை எல்லாம், தனித்தனி மொழி பேசுகின்றன. கெர்னலுக்கும் சாதனத்துக்கும் நடுவே நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற துபாசிதான் டிரைவர். துபாசி சரியில்லை என்றால் இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருந்தும் வேலை நடக்காது.

1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த கெர்னல்தான் லினக்ஸ். அதன் நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு அடியிலும் அதுதான் ஓடுகிறது. அந்த நிரலில் பாதிக்கும் மேற்பட்ட வரிகள் டிரைவர்களே. உலகத்தில் அத்தனை சாதனங்கள், அத்தனை துபாசிகள்.

இனி கதை.

2008 செப்டம்பர். லினக்ஸின் அடுத்த பதிப்பான 2.6.27 தயாராகிக்கொண்டிருந்தது. வெளியீட்டுக்கு முன் இப்படிப்பட்ட சோதனைப் பதிப்புகளைத் தங்கள் சொந்தக் கணினியில் போட்டுப் பார்க்கும் ஆட்கள் உலகம் முழுவதும் உண்டு. சம்பளம் கிடையாது, குறை கண்டால் எழுதி அனுப்புவார்கள். அந்த மாதம் அவர்களிடமிருந்து ஒரே மாதிரியான புகார்கள் வர ஆரம்பித்தன. புதிய பதிப்பை ஓட்டினோம், பிணைய அட்டை செத்துவிட்டது.

கணினியில் எது நின்றாலும் நாம் செய்கிற முதல் வைத்தியம் அணைத்துவிட்டு மறுபடி போடுவதுதானே? இங்கே அது பலிக்கவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினாலும் அட்டை எழவில்லை. காரணம், பிணைய அட்டை தன்னைப் பற்றிய அடிப்படை விவரங்களை ஒரு சிறிய நிலையான நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும். மின்சாரம் போனாலும் அழியாது. உலகத்தில் அந்த அட்டைக்கு மட்டுமே உரிய மேக் முகவரி என்ற எண்ணும் அதில்தான் இருக்கிறது. நம்முடைய மைகார்டு மாதிரி. அந்த மைகார்டைத்தான் ஏதோ ஒன்று கிறுக்கி அழித்திருந்தது. மென்பொருள் பிழை பொதுவாக மென்பொருளோடு போய்விடும். இது வன்பொருளையே ஊமையாக்கிவிட்டுப் போனது.

அடிபட்டவை எல்லாம் இன்டெல் நிறுவனத்தின் பிணையச் சில்லுகள். (இன்டெல் என்றதும் நமக்குப் பினாங்கு ஞாபகம் வரும். 1972-ல் அந்த நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைத் திறந்தது அங்கேதான். அங்கே வேலை பார்த்த ஒரு அத்தையோ சித்தப்பாவோ இல்லாத பினாங்குத் தமிழ்க் குடும்பம் குறைவு.) அந்தச் சில்லுகளோடு பேசும் டிரைவரின் பெயர் இ1000இ. செத்துக்கிடப்பது அட்டை, அதோடு பேசுகிற ஒரே ஆள் இ1000இ. வேறு யாரைச் சந்தேகப்படுவது? “இ1000இ பிழை” என்று பெயர் வைத்தாகிவிட்டது, செய்தித் தலைப்புகளும் வந்தாகிவிட்டன.

அப்போது முதலில் என்ன செய்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. குற்றவாளி யார் என்ற வாக்குவாதம் முடியட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. உபுண்டு 8.10-இன் சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே நிறுத்திவைத்தார்கள். இணையம் வராது, ஆனால் அட்டை சாகாது. மற்ற பல லினக்ஸ் விநியோகங்களும் அதே போல எச்சரிக்கை விட்டன. இன்னும் அட்டை பிழைத்திருப்பவர்களுக்கு ஓர் அறிவுரையும் போனது: எத்டூல் என்ற கருவியால் உங்கள் அட்டையின் நினைவகத்தைப் படித்து, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழிந்தாலும் திரும்ப எழுதிக்கொள்ளலாம். நம் வீடுகளில் பிறப்புப் பத்திரத்துக்கு நான்கு நகல் எடுத்து நான்கு அலமாரியில் வைக்கும் பாட்டிகள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள்.

சரி, காப்பாற்றியாகிவிட்டது. கண்டுபிடிப்பது எப்படி?

இந்தத் துறையில் அதற்கு அழகான ஒரு வழி இருக்கிறது. பழைய பதிப்பில் பிழை இல்லை, புதியதில் இருக்கிறது. நடுவே நான்காயிரம் மாற்றங்கள் என்று வையுங்கள். சரிபாதியில் நிற்கும் பதிப்பை ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் குற்றவாளி முதல் பாதியில். வராவிட்டால் இரண்டாம் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். பன்னிரண்டு முறை ஓட்டினால் நான்காயிரத்தில் ஒன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம். கணக்கு அவ்வளவு சுலபம்.

ஆனால் இங்கே ஒவ்வொரு முறை “ஆமாம், பிழை வருகிறது” என்ற பதில் கிடைக்கும்போதும் ஓர் அட்டை போய்விடும். விஷம் கலந்த சாப்பாட்டில் எந்தக் கறியில் விஷம் என்று ருசி பார்த்துக் கண்டுபிடிப்பது போல. “இல்லை, வரவில்லை” என்ற பதிலையும் நம்ப முடியாது. பிழை ஒவ்வொரு முறையும் வருவதில்லை, வரும்போது வரும். இன்றைக்கு வரவில்லை என்பதற்காக அந்தப் பதிப்பு நிரபராதி என்று எழுதிவிட முடியுமா?

இதற்கிடையில் இன்டெல் பொறியாளர்கள் தங்கள் டிரைவரை வரிவரியாகத் துருவினார்கள். சில சின்ன ஓட்டைகள் கிடைத்தன, அடைத்தார்கள். அட்டையைக் கொன்ற ஓட்டை அவற்றில் இல்லை. அத்தோடு ஒரு காரியம் செய்தார்கள்: டிரைவர் விழித்தவுடன் அந்த நினைவகத்துக்கு ஒரு பூட்டுப் போடும்படி நிரலை மாற்றினார்கள். இனி எந்தப் பக்கமிருந்து யார் எழுத வந்தாலும் எழுத முடியாது. 2.6.27 பதிப்பு அக்டோபர் 9-ஆம் தேதி அந்தப் பூட்டோடு வெளியானது. கொலைகாரன் யார் என்று தெரியாமலே வீட்டுக் கதவைப் பூட்டியாகிவிட்டது.

தேடல் நிற்கவில்லை. கடைசியில் விரல் போய் நின்ற இடம் பிணையத்துக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு பகுதி. எஃப்-டிரேஸ். அதை அணைத்துவிட்டால் அட்டைகள் சாகவில்லை.

எஃப்-டிரேஸை எழுதியவர் ஸ்டீவன் ராஸ்டெட். அந்தப் பதிப்பில்தான் அது முதன்முறையாக லினக்ஸுக்குள் வந்திருந்தது. தவறுகளைக் கண்டுபிடிக்க உதவுவதே அதன் வேலை. கெர்னலுக்குள் எந்த வேலைத்துண்டு எப்போது ஓடுகிறது என்று நிழல்போலப் பார்த்துக் குறித்துக்கொள்ளும் காவலாளி. வேவு பார்க்க வந்தவனே காரணம் என்றால் எப்படி? நானும் அண்ணனிடம் இதைத்தான் கேட்டேன். அவர் மேசையில் இருந்த தே தாரிக் குவளையை நகர்த்தி வைத்துவிட்டு, “கல்யாணப் பந்தல் தெரியும்ல?” என்றார்.

அவர் சொன்னபடியே சொல்கிறேன். எஃப்-டிரேஸ் இருக்கும் கெர்னலில் ஒவ்வொரு வேலைத்துண்டின் வாசலிலும் “நுழையுமுன் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போ” என்று ஓர் அறிவிப்புப் பலகை தொங்கும். காவல் தேவைப்படாத நேரத்தில் அந்தப் பலகை வெறும் தாமதம். அதனால் ஓர் எடுபிடி ஆள் இருந்தான். வேலைத்துண்டு ஓடியதும் அதன் முகவரியைப் பட்டியலில் எழுதிக்கொள்வார்கள். எடுபிடி விநாடிக்கு ஒரு தடவை விழித்து, பட்டியலில் புதிதாகச் சேர்ந்த முகவரிகளுக்குப் போய் பலகையைக் கழற்றிவிட்டு வருவான்.

கெர்னலில் சில வேலைத்துண்டுகள் கல்யாணப் பந்தல் மாதிரி. கணினியோ ஒரு டிரைவரோ தொடங்கும்போது ஒரே ஒரு தடவை ஓடும். வேலை முடிந்ததும் பிரித்து எடுத்துவிட்டு இடத்தைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். பந்தல் போன இடம் காலியாகவா இருக்கும்? வேறு யாருக்காவது போகும். சில நேரம், அந்த இடம் பிணைய அட்டைக்குப் போனது. சாதனங்களுக்கும் நினைவகத்தில் முகவரி கொடுப்பது கெர்னலின் வழக்கம். பார்க்க மற்ற முகவரி போலவே இருக்கும். ஆனால் அங்கே எழுதுவது நினைவகத்துக்குப் போகாது. நேரே சாதனத்துக்கே போகும்.

எடுபிடியின் பட்டியலிலோ பந்தலின் பழைய முகவரி அப்படியே இருந்தது. ஒரு விநாடிக்குள் பந்தல் பிரிக்கப்பட்டு, அதே இடத்தில் பிணைய அட்டை வந்து உட்கார்ந்துவிட்டால்? எடுபிடி விழிக்கிறான், பழைய முகவரிக்குப் போகிறான். இத்தனையும் ஒரு விநாடிக்குள் ஒத்துவர வேண்டும். பிழை ஏன் எப்போதாவது மட்டும் வந்தது என்பதற்கு இதுதான் காரணம்.

இவ்வளவுக்கும் ராஸ்டெட் கவனக்குறைவானவர் அல்ல. எடுபிடிக்குத் தெளிவான உத்தரவு இருந்தது: “பலகை அங்கே இருந்தால் மட்டும் கழற்று. வேறு ஏதாவது இருந்தால் விட்டுவிட்டு வந்துவிடு.” அதற்காகவே இன்டெல் வகைச் செயலிகளில் இருக்கும் ஒரு கட்டளையைப் பயன்படுத்தியிருந்தார். ஒப்பிட்டுப் பார், பொருந்தினால் புதியதை எழுது. கம்பேர் எக்ஸ்சேஞ்ச் என்று பெயர். பாதுகாப்பான வழி என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அந்தக் கட்டளைக்கு ஒரு குணம் உண்டு. பொருந்தாவிட்டாலும் அது சும்மா திரும்பாது. அங்கே என்ன இருந்ததோ அதையே மறுபடி அங்கே எழுதிவிட்டுத்தான் வரும். சாதாரண நினைவகத்தில் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. “ஐந்து” என்று இருந்த இடத்தில் மறுபடி “ஐந்து” என்று எழுதினால் என்ன போயிற்று? சாதனத்தின் முகவரியில் கதை வேறு. அங்கே எழுதுவது எதுவாக இருந்தாலும் அது ஒரு கட்டளை. என் தொழிலில் சொன்னால், ஒலிவாங்கி திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பொத்தானைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. தொடுவதே அழுத்துவதுதான். பார்த்துவிட்டு மட்டும் வர நினைத்தவன் அட்டையின் மைகார்டை அழித்துவிட்டு வந்தான், அவனுக்கே தெரியாமல்.

இதைக் கேட்டு முடித்தபோது எனக்குச் செய்தியறை ஞாபகம்தான் வந்தது. மணிச்செய்தி வாசிக்கும்போது “சந்தேகத்தின் பேரில்” என்ற இரண்டு வார்த்தைகளை விடாமல் வாசிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நாங்களும் வாசிக்கிறோம். கேட்கிறவர் காதில் அவை விழுவதே இல்லை, பெயர்தான் விழுகிறது. மூன்று மாதம் கழித்து அந்த ஆள் விடுவிக்கப்பட்டால் அதையும் வாசிப்போம், ஆனால் அது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? இந்த விஷயத்தையும் பாருங்கள். குற்றவாளி எஃப்-டிரேஸ் என்று நிரூபணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அதற்கு வழங்குகிற பெயர் “இ1000இ பிழை”தான். அடிபட்டவன் பெயரிலேயே வழக்கு.

டிரைவர் முழுக்க முழுக்க அப்பாவியா என்றால் அதிலும் எனக்கு ஒரு சிறு தயக்கம் உண்டு. ஒரு தவறான எழுத்து பட்டதற்கே அட்டையின் அடையாளம் மொத்தமும் அழியும் என்றால், அந்தக் கதவு ஏன் அதுவரை திறந்து கிடந்தது? அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. “கதவு திறந்திருந்தா திருடலாமா?” என்றார். திருட வரவில்லையே, வழி தவறித்தானே வந்தான் என்றேன். பேச்சு அங்கேயே நிற்கிறது.

கண்டுபிடித்த பிறகு திருத்தம் வேகமாக வந்தது. 2.6.27 வெளியான அடுத்த வாரமே 2.6.27.1 வந்தது. அதில் பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. எஃப்-டிரேஸின் அந்தப் பகுதியை, எடுபிடியும் பட்டியலும் உள்ள பகுதியை, அணைத்து வைத்தார்கள். பலருடைய உழைப்பில் வளர்ந்த புத்தம்புதிய வசதி, ஒரு பதிப்பு முழுக்க இருட்டில் கிடந்தது. எழுதியவருக்கு வலித்திருக்கும்.

ராஸ்டெட் அதை விட்டு ஓடவில்லை. தானே உட்கார்ந்து மாற்றி எழுதினார். டிசம்பர் இறுதியில் வந்த 2.6.28-இல் விநாடிக்கொருமுறை விழிக்கிற எடுபிடி இல்லை. முகவரிப் பட்டியலைக் கெர்னல் ஓடும்போது சேகரிப்பதும் இல்லை. நிரலைத் தொகுக்கும்போதே தயாரித்துவிடுகிறார்கள். எதையும் மாற்றும் முன் அங்கே இருப்பதை முதலில் படிக்க மட்டும் செய்கிறார்கள். எதிர்பார்த்தது இல்லை என்றால் கையை வைக்காமல் நிறுத்திவிட்டுக் கூச்சல் போடுகிறது கெர்னல். எஃப்-டிரேஸ் இன்று உலகம் முழுக்க லினக்ஸ் நிரலாளர்கள் நம்பிப் பயன்படுத்தும் கருவி.

நம் தம்பிக்கு நான் அனுப்பிய பதில் இதைவிடச் சின்னது: திரையில் வரும் செய்தியை ஓர் எழுத்து விடாமல் படமெடுத்து வை, அட்டையின் மாதிரி எண்ணையும் கெர்னல் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள், எதைச் செய்த பிறகு பிரச்சினை வந்தது என்பதையும் எழுது. உதவி கேட்டுப் போகிற எந்த இடத்திலும் முதலில் கேட்பது இவற்றைத்தான். 2008-இல் தங்கள் அட்டையைப் பறிகொடுத்தவர்கள் அனுப்பியதும் இவைதான். லினக்ஸில் பிழையைத் திருத்துபவரோடு அதை முதலில் எழுதி அனுப்பியவர் பெயரையும் திருத்தத்திலேயே குறித்து வைக்கும் வழக்கம் உண்டு என்று அவரிடம் சொன்னேன். “நிஜமாவாக்கா? என் பேரும் வருமா?” என்று உடனே ஒரு குரல்பதிவு வந்தது.

இன்டெல் பொறியாளர்கள் அன்று போட்ட பூட்டு என்னவாயிற்று என்றும் தேடினேன். குற்றவாளி பிடிபட்ட பிறகும் அதை யாரும் கழற்றவில்லை. இ1000இ டிரைவருக்குள் அது இன்னமும் இருக்கிறது, கணினி எழும்போதெல்லாம் தானாக விழுகிறது.